திங்கட்கிழமை விடுப்பு

காலை எட்டு மணிக்கு அக்கா தம்பியின் கணினியை அணைக்கத் தெரியாமல் நின்றிருந்தாள்.

அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவன் அறையிலிருந்து கணினியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் ஓடியிருக்க வேண்டும்.

"அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்துடி," என்றாள் அம்மா. "அவன் மூச்சு விடற மாதிரியே கேக்குது."

அக்கா கையில் பட்ட ஒரு பொத்தானை அழுத்தினாள். கணினி நிற்கவில்லை. திரை விழித்துக்கொண்டது. அதில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரி வந்து நிற்பதற்குள் அடுத்த வரி அதை மேலே தள்ளியது.

"ஏழு வருஷம் காத்திருந்தது இதுக்கா?"

"என் யானை தண்ணி மேல நடக்குதுய்யா. எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். அது தெய்வ யானை."

"ராஜா மூஞ்சியப் பாத்தீங்களா? பல்வலி வந்த என் மச்சான் மாதிரியே இருக்கு."

"நான் முற்றுகை போட்டேன். எதிரி கதவத் திறந்து வாங்க, உக்காருங்கன்னான்."

"உப்பண்ணன் எங்க? அவர் வந்து சொல்லட்டும். அவர் நல்லாருக்குன்னா நான் இன்னொரு நாள் பொறுத்துப் பாக்கறேன்."

"நேத்திலேர்ந்து ஆளக் காணோம். ஆட்டத்துல மூழ்கிட்டாரு."

"குடுத்து வெச்ச மனுஷன்."

உப்பண்ணன் என்பது அவள் தம்பி. பழைய ராஜ்ஜியங்களை வைத்து ஆடும் அந்த விளையாட்டின் முதல் பாகத்தில், ஒரு படைகூட அனுப்பாமல் ஜெயித்தவன். மற்றவர்கள் கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவன் கடலோரமாக உப்பளங்களை வாங்கினான். கடைசியில் எல்லா அரசர்களும் அவன் வாசலில் வந்து நின்றார்கள். இறைச்சி கெடுகிறது, படை பட்டினி கிடக்கிறது, உப்பு கொடு என்றார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டில் அவனுக்குத் தனிப் பாத்திரத்தில் உப்பில்லாமல் சமைத்தார்கள். அதையும் அவனே குழுவில் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

'மூழ்கிட்டாரு' என்ற வரியை அவள் மறுபடி படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு விரல்களால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தாள். நான் அவன் அக்கா. அவன் இன்று விடியற்காலை இறந்துவிட்டான்.

வரிகள் நின்றன.

"இதுல விளையாடாதீங்க," என்றது ஒன்று.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் வீடு எங்கே என்று கேட்டார். முகவரியை அடித்துவிட்டு, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். விசிறி நின்றது. கூடத்தில் அம்மா வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

*

திங்கள், புதன், வெள்ளி அவனுக்கு டயாலிசிஸ். அக்காதான் ஸ்கூட்டரில் அழைத்துப் போவாள். கண்ணாடிக் கடையில் அவளுக்குத் தந்திருந்த பகல் நேர வேலையை அதற்காகவே மாற்றிக்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு ஊசி. நான்கு மணி நேரம் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். முதல் நாளே டெக்னீஷியன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சனி, ஞாயிறு சேந்தாப்ல இடைவெளி விழுது. அதனால திங்கள மட்டும் எதுக்காகவும் விட்றாதீங்கம்மா. புதன விட்டா உங்களத் திட்டுவேன். திங்கள விட்டா திட்டறதுக்கு ஆள் இருக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அது நான்கு வருடங்களுக்கு முன்பு.

ஞாயிறு மாலை தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்கு வருதுக்கா. ரெண்டாம் பாகம்."

"தெரியும். ஒரு மாசமா வேற என்ன பேசின?"

"ஊசி குத்திட்டு வந்தா அன்னிக்குப் பூரா தலையே நிக்காது. படுத்துதான் கெடக்கணும்." அவன் கதவு நிலையை நகத்தால் சுரண்டினான். "செவ்வாக்கெழம காலைல போலாமா?"

"திங்கள விடக் கூடாதுடா."

"விடல. தள்ளிப் போடறோம். ஒரே நாளுதானே."

"அம்மாகிட்ட நீயே சொல்லு."

"நான் சொன்னா வெளக்குமாறு. நீ சொன்னா வேதம்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் தண்ணீரைக்கூட அளந்து குடித்தான். எலுமிச்சை அளவு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு பகலை ஓட்டினான். எதையாவது வேண்டும் என்று அவன் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

திங்கள் காலை மருத்துவமனைக்குப் போன் செய்து, வண்டி ரிப்பேர் என்றாள். அம்மாவிடம், அங்கே மிஷின் ரிப்பேர் என்றாள். இரண்டு பக்கமும் நம்பின. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு இடம் காலியாகிறது, முடிந்தால் கொண்டுவாருங்கள் என்று டெக்னீஷியன் சொன்னார். பார்க்கிறேன் என்றாள்.

அன்று பகலில் வீட்டில் அவள் தொலைக்காட்சியைப் போடவிடவில்லை. மிக்சியை ஓட்டவில்லை. மதியம் அவன் தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் பச்சையும் நீலமுமாக வரைபடம். கண் இமைகள் லேசாக வீங்கியிருந்தன.

"எப்படிடா இருக்கு?"

"செமயா இருக்குக்கா."

"நாலு மணிக்கு ஒரு இடம் இருக்காம். போயிட்டு வந்துடலாமா?"

"இப்ப எழுந்தேன்னா எல்லாம் போச்சு. நாளைக்குக் காலைல முத ஆளா போலாம். நெசமா."

தட்டை வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் விடியலில் மருத்துவமனைக்குக் கிளம்ப அவனை எழுப்பப் போனவளும் அவள்தான்.

*

"மிஷின் ரிப்பேர்னா பக்கத்துல வேற எடத்துக்கு அனுப்பணுமா வேணாமா?" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. வாசலில் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "அறிவு கெட்டவனுங்க. இன்னிக்கு ஆக வேண்டியது ஆகட்டும். நாளைக்கு நேர்ல போறேன். அந்த டெக்னீஷியன் சட்டையப் புடிச்சு நாலு வார்த்த கேக்காம விடமாட்டேன்."

"விடுங்க மாமா."

"எப்படிடி விடறது? நீ பொட்டப் பிள்ள, பயப்படுவ. நான் கேக்கறேன்."

நாற்காலி ஒன்று விரியாமல் அடம்பிடித்தது. அதை ஓங்கித் தரையில் மோதினார்.

பதினோரு மணிவாக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நெடுநெடுவென்று, முகம் நிறையப் பருக்களோடு இருந்தான். வண்டி மெக்கானிக்காம், நகக்கண்களில் கறுப்பு. கூட வந்த பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் பள்ளிக்கூடப் பை, அதில் செருகிய குடை.

"இது யாரு?" என்றார் மாமா.

"அவன்கூட விளையாடறவங்க."

"இந்தம்மாவா?"

அந்த அம்மாள் சரித்திர ஆசிரியை. குழுவில் டீச்சர் என்பார்கள். மெக்கானிக்கின் பெயர் 'குதிரை'. எந்தப் போரிலும் முதலில் குதிரைப் படையை விட்டுத் தோற்பவன். இருவரும் தம்பியின் காலடியில் போய் நின்றார்கள்.

"இவ்வளவு சின்னப் பையனா?" என்றாள் டீச்சர். "குரல் பெருசா இருக்கும். நான் என்னமோ என் வயசுன்னு நெனச்சேன்."

குதிரை செருப்பைக் கழற்ற மறந்திருந்தான். பாதி வழியில் அது நினைவுக்கு வர, கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. அக்கா இரண்டு தம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அவர்கள் துணி துவைக்கும் கல்லருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யானைய அடுத்த வாரம் சரி பண்ணிடுவாங்களாம்," என்றான் குதிரை.

"யானைய யார் கேட்டா? உப்ப என்ன பண்ணுவாங்க?"

"ச்சு, அக்கா வராங்க."

அவள் தம்ளர்களை நீட்டவில்லை. "உப்புக்கு என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா ஆட்டத்தப் பத்தி."

"சொல்லுங்க."

டீச்சர் குடையின் கைப்பிடியைத் தடவினாள். "ரெண்டாம் பாகத்துல உப்பு இல்லம்மா. எடுத்துட்டாங்க. இப்ப எல்லாம் ஒரே பொட்டலம். நெல்லு, இரும்பு, உப்பு எல்லாத்துக்கும் சேத்து 'சரக்கு'ன்னு பேரு வெச்சிட்டாங்க."

"அவனுக்கு இது தெரியுமா?"

"அவருதான் மொதல்ல கண்டுபுடிச்சாரு," என்றான் குதிரை. "கடலோரம் பூரா கப்பல அனுப்பித் தேடினாரு. நான் லைன்லயேதான் இருந்தேன். 'டேய் குதிர, ஒரு பாத்திகூட இல்லடா'ன்னாரு."

"அப்புறம்?"

"சிரிச்சாரு."

"அப்புறம்?"

"மூடிட்டாருக்கா."

"எப்ப?"

"காலைலயே. பத்து, பத்தரை இருக்கும்."

"இல்லயே," என்றாள் அக்கா. "மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனேன். ஆடிட்டுதான் இருந்தான். மேப் தெரிஞ்சுதே."

குதிரை டீச்சரைப் பார்த்தான்.

"அது பழசும்மா," என்றாள் டீச்சர். "முதல் பாகம். போரடிக்குது, பழசையே போடலாம் வாங்கன்னாரு. நாங்க மூணு பேரும் சாயங்காலம் வரைக்கும் அதத்தான் போட்டோம்."

தம்ளரின் சூடு அவள் விரல்களில் ஏறியது. அவள் அவற்றைக் கீழே வைக்கவில்லை.

"செமயா இருக்குன்னு சொன்னான்."

"கேட்டுது," என்றாள் டீச்சர். "மைக்க மூடாமயே உங்ககிட்ட பேசினாரு. நீங்க நாலு மணின்னு ஏதோ கேட்டீங்க. நீங்க கதவச் சாத்தினதும், ஏன்யா அக்காகிட்டப் பொய் சொல்றீங்கன்னு நாந்தான் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

துவைக்கும் கல்லில் யாரோ விட்டுப்போன சோப்புத் துண்டு வெயிலில் வெடித்திருந்தது.

"எனக்காக அக்கா ரெண்டு எடத்துல பொய் சொல்லி லீவு வாங்கிக் குடுத்திருக்கா. நல்லால்லன்னு சொன்னா அவ மொகம் செத்துப் போயிடும்னாரு. குழுவுலகூட எழுத வேணாம்னுட்டாரு." அவள் குரல் தணிந்தது. "நான் ஆபீஸ் லீவுன்னு நெனச்சேம்மா. அவருக்கு பிரஷர், அதான் உப்பு ஆகாதுன்னு சொல்லியிருந்தாரு. மிஷின் விஷயம் எல்லாம் எனக்கு... தெரிஞ்சிருந்தா நான்..."

குதிரை திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

பத்தரை மணி. அதற்குப் பிறகு நாலு மணி வந்திருக்கிறது. ஸ்கூட்டர் வாசலில்தான் நின்றது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. டெக்னீஷியன் அந்த இடத்தை எத்தனை மணிவரை பிடித்து வைத்திருந்தாரோ.

"டீ ஆறுது," என்றாள் அக்கா.

அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். இருவரும் குடிக்கவில்லை.

*

வண்டி வந்துவிட்டது என்று மாமா உள்ளே வந்து சொன்னார். நாலு பேர் எழுந்து சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டார்கள். தம்பியின் இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. முழங்கைக்குக் கீழே ஊசித் தழும்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. அக்கா குனிந்து சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு, பொத்தானைப் போட்டாள்.

டீச்சர் விடைபெற அம்மாவிடம் வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க நேத்து அவன்கூட ஆடினவங்களாமே."

"ஆமாங்க."

"கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டே இருந்தேன். சிரிச்சான். எவ்வளவு நாளாச்சு அந்தச் சிரிப்பக் கேட்டு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "என் தம்பி சண்டைக்குப் போறேன்னு நிக்கறான். நான் வேணாம்னுட்டேன். மிஷின் கெட்டதும் நல்லதுக்குத்தான்னு வெச்சுக்கறேன். இல்லேன்னா கடைசி நாளும் அந்தக் கட்டில்ல ஊசியோட கெடந்திருப்பான். ஏழு வருஷமா கேட்டது கைக்கு வந்துச்சு. ஆசதீர ஆடிட்டுப் போனான். எனக்கு அது போதும்."

டீச்சர் அக்காவைப் பார்க்கவில்லை. கையிலிருந்த குடையைப் பார்த்தாள். வாசலில் வண்டியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"நீதானேடி உள்ள போய்ப் பாத்த?" அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கிட்ட என்ன சொன்னான்? நல்லாருக்குன்னானா?"