மூன்று பேருக்கான கூடாரம்

துணிக்கடையில் பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று ஆல்டரேஷன் வேலை பார்ப்பவள் அவள். அதனால் கூடாரம் வாங்கி வந்ததும் முதலில் தையலைத்தான் பார்த்தாள். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஹாலிலேயே ஒருமுறை நிறுத்திப் பார்த்தாள். தையல் இளகியிருந்த இடங்களில் பசை தடவிக் காயவைத்தாள். போன இடத்தில் நின்றுகொண்டு எந்தக் கம்பி எதில் நுழையும் என்று முழிக்கக் கூடாது.

கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. வேன் ஓட்டும் அவருக்கு இது இரண்டாவது. முதல் மனைவி நோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பெற்ற மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டை போடுகிற பிள்ளை இல்லை. வைத்ததைச் சாப்பிடும், கேட்டதற்குப் பதில் சொல்லும், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். இவளைச் சித்தி என்றும் கூப்பிடாது, ஆன்ட்டி என்றும் கூப்பிடாது. "இங்க பாருங்க" என்பதோடு சரி.

கூடாரத்தில் தனியறை ஏது. மூன்று பேரும் ஒட்டிப் படுத்தே ஆகவேண்டும். லீவுக்குக் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று அவள் பிடிவாதம் பிடித்தது அதற்காகத்தான். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஏரிக்கரை மைதானத்தில் போய் இறங்கியதும் அவர் தண்ணீர் ஓரமாக ஓர் இடத்தைக் காட்டினார்.

"அங்க வேணாங்க, பள்ளமா இருக்கு. மழை வந்தா மொத்தத் தண்ணியும் நமக்கு அடியிலதான் வந்து நிக்கும்."

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லையேம்மா."

"மேட்டுலயே போடுவோம். மரத்தடியும் வேணாம், கிளை ஏதாச்சும் விழுந்து வைக்கும்."

கல் பொறுக்கி, விரிப்புப் போட்டு, முளைகளைச் சாய்த்து அடித்தாள். வாண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டது. "இன்னும் கொஞ்சம் இழு" என்றால் இழுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் கூடாரம் போட்டிருந்த குடும்பம் சட்டியும் பையுமாகக் காருக்கு ஓடியது. இவர்களுக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மாற்றுத் துணி பாலிதீன் பையில் நனையாமல் இருந்தது, டார்ச் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. பேச்சுதான் இல்லை. வாண்டு விரலால் மேல்துணியை அழுத்திப் பார்த்தது.

"தொடாத. தொட்ட எடத்துல தண்ணி கசியும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். பிள்ளை கையை இழுத்துக்கொண்டு அப்பா பக்கமாகத் திரும்பிப் படுத்தது.

காற்றில் ஒரு முளை பிடுங்கிக்கொண்டது. "நான் பாத்துட்டு வரேன்" என்று வெளியே வந்து, குனிந்து அதை அடிக்கும்போது உள்ளே குரல் கேட்டது.

"அம்மா இருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போலாம்னு நச்சரிச்சிருப்பாங்கப்பா."

"ஆமா, ஒரு கரப்பான் பூச்சிக்கே ஊரைக் கூட்டுவா."

வாண்டு வாய்விட்டுச் சிரித்தது. அவரும் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை அந்த வீட்டில் அவள் கேட்டதே இல்லை.

முளை எப்போதோ இறுகிவிட்டது. அவள் மழையிலேயே நின்றாள். உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும் என்று தெரிந்தது. கடைசியில் ஜிப்பைத் திறந்தாள். நின்றுவிட்டது.

"ஏங்க, முதுகு வலிக்குது. நான் வண்டி சீட்ல படுத்துக்கறேன்."

"தரை ஒத்துக்கலையா?"

இங்கேயே படு என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

"போர்வைய எடுத்துக்க. தலையத் துவட்டிட்டுப் படு" என்றார்.

வீடு திரும்பியதும் கூடாரத்தை மொட்டை மாடிக் கொடியில் பிரித்துப் போட்டாள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். மாடிப்படியில் உட்கார்ந்து வாண்டு சிநேகிதியிடம் போனில் அளந்துகொண்டிருந்தது.

"செம மழை. உள்ள ஒரு சொட்டு வரல தெரியுமா? டென்ட்ல நானும் அப்பாவும் மட்டும்தான்."

பொய் ஒன்றும் இல்லை. அவள் துணியின் மறுபக்கத்தை வெயிலுக்குத் திருப்பிப் போட்டாள்.

சாப்பிடும்போது, "அடுத்த லீவுக்கும் போலாமா?" என்று அவர் கேட்டார். வாண்டு உடனே தலையாட்டியது. பிறகு இவளை ஒரு பார்வை பார்த்தது.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்குக் கடையில வேலை இருக்கும்."

அவர் தட்டிலிருந்து நிமிராமலே, "அப்ப சரி" என்றார்.