ஆறாவது ஊசியில் வந்த பூனை

லிஃப்ட் இயக்குபவரின் கவலை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலேகாலுக்கு, ஆறாவது ஊசியில், சாம்பல் நிறப் பூனையாக வெளியே வந்தது. இடது காலில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே குத்திய ஊசி அது. பூனை கட்டிலிலிருந்து குதித்து, சோம்பல் முறித்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. ஊசி வைத்தியம் பார்க்கும் அம்மாள் அதற்குப் பால் ஊற்றிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அங்கே ஏற்கெனவே பதினாறு பூனைகள் இருந்தன. வங்கிக் காசாளருடையது பூட்டிய கதவை எல்லாம் போய் முட்டிப் பார்க்கும். தலைமையாசிரியருடையது யாரோடும் சேராது. படபடப்பு நின்றால் சரி, பூனையாவது நாயாவது என்று ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டவள் லிஃப்ட்காரரின் மனைவி, தையற்காரி. அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனதே அவள்தான். கல்யாணமாகி இருபத்தொரு வருஷமாக அவருக்கு முழுநேர வேலை அவளைப் பற்றிக் கவலைப்படுவது, லிஃப்ட் பகுதிநேரம்தான். நாளைக்குப் பதினோரு தடவை அவளுடைய கடைக்கு போன் வரும். சாப்பிட்டாயா, அடுப்பை அணைத்தாயா, ரோட்டைப் பார்த்துத் தாண்டினாயா. “இந்த மனுஷனோட ஒரே ரோதனைங்க” என்று அளவு கொடுக்க வந்தவர்களிடம் அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொள்ளும்போது முகம் மட்டும் மலர்ந்திருக்கும். ஆனால் அவருக்குத் தூக்கம் போய், பொத்தானை அழுத்தும் விரல் நடுங்கி, ஐந்தாம் மாடிக்காரர்களை ஏழில் இறக்கிவிட ஆரம்பித்த பிறகு வேறு வழியில்லை.

புதன்கிழமை போன் வரவில்லை. கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்தாள்; நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை வேண்டுமென்றே இரண்டு மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “வந்துட்டியா” என்றார்.

மறுநாள் வைத்தியசாலைக்குப் போனபோது பூனை அந்த அம்மாளின் மடியில் கிடந்தது. இவளைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து கையை முகர்ந்து, செருப்பை முகர்ந்து, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்கிற குரலில் கத்தியது.

“காலையிலருந்து வாசலையே பாத்துட்டு இருக்கும்மா. நான்தான் மடியில போட்டுத் தட்டிக் குடுக்கிறேன்” என்றாள் அந்த அம்மாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். தையற்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. தன்மேல் வைத்த கவலை, தன் புருஷன் உடம்பில் ஊறியது, இன்னொருத்தி மடியில் சொகுசாகப் படுத்துக் கொட்டாவி விடுகிறது. அந்த ஊசியில் அப்படி என்ன இருக்கிறது, நானும்தான் ஊசி பிடிக்கிறேன் என்று வீட்டுக்கு வந்து, மிச்சம் மீதியாவது தன் கைக்கு வரட்டுமென்று, துணிக்குக் குத்தும் குண்டூசிகளை எடுத்துக்கொண்டு அவரை உட்கார வைத்தாள். அவரும் கையை நீட்டினார். நாலு சொட்டு ரத்தம் வந்தது, பூனை வரவில்லை.

“வலிக்குதா?”

“கொஞ்சம். நீ குத்து, பரவாயில்ல” என்றார் நிதானமாக. அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் அவள் அழுதாள்.

திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போய், அதைத் திரும்ப உள்ளே போட முடியுமா என்று கேட்டாள். முடியும், அதே இடத்தில் அதே ஊசி, பூனை காலடியில் இருந்தால் போதும் என்றாள் அந்த அம்மாள். அவரும் மறுக்கவில்லை. “உனக்கு அதுதான் நிம்மதின்னா போட்டுக்கலாம்” என்று சொல்லிப் படுத்தவர், முதல் ஊசிக்கு முன்பே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எப்போதும் தூக்கத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும் விரல்கள் விரிந்து கிடந்தன. இருபத்தொரு வருஷத்தில் அவள் அவருடைய உள்ளங்கையை அப்படிப் பார்த்ததில்லை. காலடியில் பூனை அவரைப் பார்க்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து ஊசிகள் ஏறிவிட்டன. நாளைக்கே போன் மணி அடிக்கும். அவள் ஆசைப்பட்டதும் அதற்குத்தான்.

ஆறாவதை எடுத்த கையைத் தையற்காரி பிடித்துக்கொண்டாள். “வேணாம், அவரு தூங்கட்டும்” என்றாள். பிறகு, “பூனைய மட்டும் குடுத்துடுங்க. அது என்னோடது.”

அதிலிருந்து பூனை கடையில் தையல் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குப் பதினோரு தடவை கத்துகிறது; அவளும் “சாப்ட்டேன், அணைச்சிட்டேன்” என்று தைத்துக்கொண்டே பதில் சொல்கிறாள். லிஃப்ட்காரர் யாரையும் மாடி மாற்றி இறக்குவதில்லை. மூன்றாவது வருஷம் ஊசி வைத்தியம் பார்க்கும் அம்மாள் ஒரு சட்டை தைக்க வந்தாள். அளவு எடுக்கும்போது பூனை இறங்கிப் போய் அவள் காலில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, உரசிவிட்டு வந்தது. தையற்காரி நாடாவைப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டாள். ஊரிலேயே நல்ல கைக்காரி தைத்த அந்தச் சட்டை அக்குளில் அரை அங்குலம் பிடித்தது.