மூடி போட்ட பாட்டு

சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு தேய்ந்திருந்தது, முழங்கால் தேய்ந்திருந்தது. காது மட்டும் தேயவில்லை என்று ஒரு நம்பிக்கை. ரெக்கார்டு பிளேயரில் தட்டு ஓடும்போது மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திறந்தே வைப்பார். மூடினால் பாட்டுக்கு மூச்சு முட்டுமாம்.

"வாயப் பொத்திக்கிட்டுப் பாடச் சொன்னா யாருக்குக் குரல் வரும்?" என்பார்.

கிடங்கு வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. லாரி ஒன்று உள்ளே போனால் போதும், ஜன்னல் வழியாகச் சிமெண்டுத் தூள் அழையாத விருந்தாளி மாதிரி வந்து தட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும். துடைப்பது அவர் மனைவியின் தலையில் விழுந்த வேலை. பகலெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே மெத்தை உறை தைப்பவள் அவள். பாட்டு இல்லாமல் அவளுக்குத் தையல் ஓடாது. துடைக்கிற வேலைதான் பிடிக்காது.

விடுமுறை நாளில் அவளுடைய தம்பி வந்தான். எலெக்ட்ரீஷியன். அந்த பிளேயருக்கு மூன்றாவது ஊசி போட்டுவிட்டு, பழைய ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"மாமா, தூசியிலயே ஓட்டி ஓட்டி ஊசிய உளியாக்கிட்டீங்க. இனிமேலாவது மூடி வச்சு ஓட்டுங்க."

"மூடினா சத்தம் அமுங்குதுடா மச்சான்."

"ஒரு வித்தியாசமும் கிடையாது."

"உனக்குக் கிடையாது. சுத்தியல் சத்தத்துல வளர்ந்த காது அது."

தம்பிக்குச் சுருக்கென்றது. "சரி, கண்ணக் கட்டுறேன். அஞ்சு தடவ ஓட்டுறேன். மூடியிருக்கா, திறந்திருக்கான்னு நாலு தடவ சரியாச் சொல்லிட்டா நீங்க காலத்துக்கும் திறந்தே வச்சுக்குங்க. இல்லன்னா பிளேயர் என் வீட்டுக்கு வந்துடும். மூணாவது மாடி, தூசி தும்பு ஏறாது."

"தூக்கிக்கோ" என்று சொல்லிவிட்டார். அந்த வாய்க்கு ஒரு மூடி இருந்திருக்கலாம்.

தையல் மெஷின் நின்றது. மனைவி புருஷனைப் பார்த்தாள், பிளேயரைப் பார்த்தாள். எழுந்து வந்து பெஞ்சில் அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

தம்பி துண்டால் அவர் கண்ணை இறுக்கிக் கட்டினான். கெட்டிக்காரன். கீல் சத்தத்தை வைத்து மாமா கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, ஒவ்வொரு முறையும் மூடியை நாலைந்து தடவை தூக்கி இறக்கிவிட்டுத்தான் ஊசியை வைத்தான்.

முதல் தடவை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பாட்டுக்கு மூச்சு முட்டுகிற மாதிரியும் இருந்தது, முட்டாத மாதிரியும் இருந்தது.

"திறந்திருக்கு."

"மூடியிருக்கு மாமா."

இன்னொன்று தப்பினால் பிளேயர் படியிறங்கிவிடும்.

இரண்டாம் தடவை வாயைத் திறப்பதற்குள் அவர் காலை ஒரு கால் மேலிருந்து அமுக்கியது. கோபத்தில் மிதிக்கிறாள் என்று முதலில் நினைத்தார். ஆனால் அவள் கோபத்தில் மிதித்தால் எப்படி வலிக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? இது அந்த மிதி இல்லை.

"மூடியிருக்கு" என்றார். சரி.

மூன்றாம் தடவை அவர் பெருவிரலைக் கீழிருந்து ஒரு விரல் நெம்பித் தூக்கியது.

"திறந்திருக்குடா. பாட்டு வெளிய வந்து உலாத்துது பாரு." அதுவும் சரி. நாலாவதும் சரி. தம்பியின் குரலில் சுருதி இறங்கியது.

ஐந்தாம் தடவை பாட்டு ஓடியது. கால் வரவில்லை. இருட்டில் துழாவினார். பெஞ்சின் கால்தான் அகப்பட்டது.

"ஏங்க," என்றாள் மனைவி, ஊர்க்கதை பேசுகிற குரலில். "நீங்க ஜெயிச்சிட்டா நாளைக்குத் தட்ட யாரு துடைக்கிறது?"

"எப்பவும் போல நீதான்."

கால் வரவில்லை.

"அக்கா, சும்மா இரு. மாமா கவனிக்கிறாரு."

"ஒரு பதில் சொல்லட்டும், சும்மா இருக்கேன். மூடி வச்சு ஓட்டினா யாருமே துடைக்க வேணாம். இல்லீங்களா?"

பாட்டு முடியப்போகிற இடத்துக்கு வந்துவிட்டது. அவர் இறங்கி வந்தார்.

"ஆமா. மூடியே ஓட்டலாம்."

அமுக்கு விழுந்தது. கொஞ்சம் பலமாகவே.

"மூடியிருக்கு!"

தம்பி துண்டை அவிழ்த்துவிட்டுக் கும்பிடாத குறையாக நின்றான். "காதுன்னா இதான் மாமா காது. ஒத்துக்கிறேன். திறந்து விடுங்க, ஆற அமரக் கேப்போம்."

மனைவி மெஷினுக்குத் திரும்பியிருந்தாள். ஊசியில் நூல் கோக்கிறவள் போல ஒரு கண்ணை மூடி, மற்றதால் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம். மூடியே ஓடட்டும்" என்றார்.

"அப்ப எதுக்கு மாமா இந்தப் பந்தயம்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேய், நல்ல காதுக்கு மூடியெல்லாம் தடையே இல்ல. உள்ள இருக்கிறது அப்படியே கேக்கும். திறந்து வைக்கிறது உன்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தான்."

தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூடியின்மேல் காதை ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினான்.