மிளகு ஒளித்து வைத்த அட்டை

எங்கள் வகுப்பில் காலையில் முதல் வேலை கயிறு. சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கட்டி, துணி கிளிப் போட்டுப் படங்கள் மாட்டியிருக்கும். செருப்பு, பந்து, கதைப் புத்தகம், டம்ளர், தலையணை, கடைசியாக வாசல் கதவு. அன்றைய பொழுது எப்படிப் போகும் என்பது அந்த வரிசைதான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே கொட்டை எழுத்தில் பெயர். தினம் ஒரு பிள்ளை குச்சி பிடித்து இடமிருந்து வலமாக வாசிக்கும். நாலு வயதில் எழுத்து எங்கே தெரியப் போகிறது? ஆனால் அந்தத் தோரணையைப் பார்த்தால், நாமெல்லாம் பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவர்கள் என்று தோன்றிவிடும்.

கயிற்றுக்கு ஒரு சட்டம் உண்டு. ஏதாவது மாறப் போகிறது என்றால், அந்தப் படத்தின் மேல் சிவப்பு அட்டையை மாட்டி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மழை, பந்து கிடையாது என்றால் பந்தின் மேல் சிவப்பு அட்டை. சொல்லாமல் மாற்றினால் இந்தக் கூட்டம் கூரையைப் பிய்த்துவிடும். சொல்லிவிட்டு மாற்றினாலும் அழும்தான், ஆனால் அழுது முடித்துவிட்டு விளையாடப் போய்விடும். இன்னொரு சட்டமும் உண்டு, அது என்னுடையது. வகுப்புச் சாமான் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. ஒரு கிரேயான் துண்டு வெளியே போனாலும் நான் பத்ரகாளி ஆகிவிடுவேன்.

அந்தப் புதன்கிழமை மிளகின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆள் துளியூண்டு, காரம் மட்டும் ஊருக்கே போதும் என்பதால் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் வைத்த பெயர் மிளகு. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“டீச்சர், எனக்கு வெளியூர்ல வேலை கெடச்சிருக்கு. ஆறு மாசம். அதுவரைக்கும் மிளக அவங்கப்பா பாத்துக்குவாரு. ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள கெளம்பணும். மிளகுகிட்ட ஒண்ணும் சொல்லல. அவ தூங்கும்போதே போயிடுவேன். நீங்களும் வாயத் தெறக்காதீங்க.”

எனக்கு சுருக்கென்று கோபம் வந்தது. “என்னம்மா பேசறீங்க? எந்திரிச்சு அம்மா எங்கன்னு வீடு பூரா தேடுவாளே!”

“சொன்னா அழுவா டீச்சர். அவ அழறதப் பாத்துட்டு என்னால படி எறங்க முடியாது.”

கோபமும் போகவில்லை, பாவமாகவும் இருந்தது. அவர்கள் வீட்டு விஷயம், நடுவில் நான் யார் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சுத்தமாகப் பழக்கமில்லாத வேலை.

மறுநாள் கதை நேரம். ஒரு பூனை தூங்கி எழுந்து பார்க்கிறது, அதன் பாய் இடம் மாறிக் கிடக்கிறது. பால் கிண்ணமும் பழைய இடத்தில் இல்லை. கதையில் எது மாறினாலும் ஒரு பிள்ளை சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பாதிக் கதையில் பார்த்தால் அட்டையைக் காணோம். அலமாரி, பொம்மைப் பெட்டி, பாய்க்கு அடியில், எங்கும் இல்லை. உதவிக்கு இருக்கும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

“பெருக்கும்போது எங்கக்கா தூக்கிப் போட்டீங்க?”

“நல்லா இருக்கே கதை! நான் எதுக்கு அத எடுக்கப் போறேன்? எனக்கு என்னைக்கு என்ன மாறியிருக்கு, அதே தொடப்பம் அதே வாளி” என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. மிளகு மட்டும் சிரிக்கவில்லை.

மதியம் தூங்கும் நேரம். மிளகின் போர்வையைச் சரிசெய்யப் போனேன். சட்டைக்குள் ஏதோ விறைப்பாகக் கையில் பட்டது. அவள் கண்ணைத் திறந்து, இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டாள்.

“எதுக்குடா கண்ணு எடுத்த?”

என் காதைப் பிடித்து இழுத்து வாயை வைத்தாள். “அட்டை இல்லன்னா எதுவும் மாறாதுல்ல டீச்சர்?”

“எது மாறக் கூடாது?”

“கட்டிலுக்கு அடியில பெரிய பெட்டி இருக்கு. அதுல அம்மா துணி மட்டும்தான் இருக்கு. என்னோடது ஒண்ணுகூட இல்ல. நான் தெறந்து பாத்தேன்.”

இந்த இத்தனூண்டு உடம்புக்குள் இதை வைத்துக்கொண்டு எத்தனை நாளாக என்னிடம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாளோ.

“அம்மாகிட்ட கேட்டியா?”

“இல்ல. கேட்டா அம்மா அழுவாங்க.”

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “நான் கேக்கட்டுமா?”

நன்றாக யோசித்தாள். “நீங்க கேளுங்க. நான் தூங்கற மாதிரி இருப்பேன்.”

சாயங்காலம் மற்ற பிள்ளைகள் போன பிறகு மிளகின் அம்மாவைக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்தேன். முழங்கால் இரண்டும் நெஞ்சு வரை வந்தது. பெட்டியைப் பற்றிச் சொன்னேன், அட்டையைப் பற்றியும் சொன்னேன்.

“சொன்னா அவ அழுவான்னு நீங்க பயந்தீங்க. கேட்டா நீங்க அழுவீங்கன்னு அவ பயந்துட்டு இருக்கா. இன்னும் எத்தன நாளைக்கும்மா ரெண்டு பேரும் இப்படி?”

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். நானும் அழுதேன், எனக்கு என்ன வெட்கம். பிறகு அவள் எழுந்து போய் மிளகின் பாயில் உட்கார்ந்தாள். மிளகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊரில் யாரும் தூங்காத மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, அம்மா ஒண்ணு சொல்லணும். அம்மா வேலைக்காக வெளியூர் போறேன். ரொம்ப நாள் ஆகும். ஆனா வந்துடுவேன்.”

அவ்வளவுதான். மிளகு போட்ட கூச்சலில் அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மிளகு உதைத்தாள், கடித்தாள், ஒரு செருப்பு என் மேசையில் வந்து விழுந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை, பிடித்த பிடியை விடவில்லை. விக்கல் மட்டும் மிச்சமானபோது மிளகு கேட்டாள்:

“நான் தூங்கும்போது போயிடுவியா?”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“மாட்டேன்டா. உன்ன எழுப்பி, சொல்லிட்டுத்தான் போவேன்.”

வெள்ளிக்கிழமை காலையில் குச்சி மிளகின் கையில். செருப்பு, பந்து, புத்தகம் என்று வரிசையாக வாசித்துக்கொண்டே கடைசிக்குப் போனாள். சட்டைக்குள்ளிருந்து சிவப்பு அட்டையை எடுத்தாள். முக்காலி போட்டு ஏறி, அதை வாசல் கதவின் மேல் மாட்டினாள்.

“திங்கக்கெழமையிலேருந்து எனக்கு இது மாறுது. அம்மா வர மாட்டாங்க, அப்பாதான் வருவாங்க.” முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் முக்காலியை விட்டு இறங்கினாள்.

சாயங்காலம் அம்மா வந்து நின்றாள். மிளகு நேரே கயிற்றுக்குப் போய், முக்காலியில் ஏறி, அட்டையைக் கழற்றினாள். அம்மாவின் கைப்பையைத் திறந்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

“ஏய், அது கிளாஸ் அட்டை!” என்று பழக்கதோஷத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

மிளகு என்னைச் சட்டையே செய்யவில்லை. “நீ திரும்பி வர்றதும் மாறுறதுதானம்மா? வர்ற அன்னைக்கு இத எடுத்துட்டு வா. நானே கதவு மேல மாட்டறேன்.”

அம்மா தலையை ஆட்டினாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்கள், எங்கள் வகுப்பு அட்டையோடு.

நான் அலமாரியைக் குடைந்து சிவப்புத் தாளையும் கத்தரிக்கோலையும் எடுத்தேன். கண்ணீரில் கோடு சரியாகத் தெரியாமல் கோணலாக வெட்டினேன். பரவாயில்லை, திங்கட்கிழமைக்கு அது போதும்.