ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கல்

குருவிட்டவில் எங்கள் றப்பர் தோட்டத்து எல்லையில் லைசன் இல்லாத மாணிக்கக் குழி ஒன்று இருக்கிறது. அதில்தான் என் புருஷன் கிருஷ்ணகுமார் இறங்குவார். அன்றைக்குப் பெய்த மழையில் மண் சரிந்து, குழிக்கு முட்டுக்கொடுத்திருந்த மரச்சட்டம் அவர் கால்களை அமுக்கிவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"பம்ப் எங்கண்ணே?" என்று வேலிக்கு வெளியே நின்று, குழி வேலையை மேற்பார்க்கும் கன்னையாவைக் கேட்டேன்.

"ஓடைக்கு அங்கிட்டு, லைசன் குழியில. வெளிநாட்டு நகைக் கம்பெனி மேடம் பாக்க வந்திருக்காங்க. அவங்க போகட்டும் சுதர்ஷினி. இங்க குழி இருக்கிறது தெரிஞ்சா எல்லாரு பொழப்பும் போச்சு."

"தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துருச்சுங்கிறாங்களே அண்ணே."

கன்னையா திரும்பி, வாளியால் இறைக்கிறவர்களைப் பார்த்துக் கத்தினான். இந்தக் குழியில் எடுக்கிற கல்லை அந்தக் குழியில் எடுத்ததாகச் சொல்லித்தான் இரண்டுக்கும் சொந்தக்காரரான முதலாளி விற்கிறார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஓடையில் விழுந்து எழும்பிப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஆட்களுக்குப் புது ஹெல்மெட், புது பூட்ஸ். மேடம் குழி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரே இல்லாத குழியில் பம்ப் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் தோட்டத்தில் பேர் பதிகிற மஸ்டர், டிவிஷன், செக்ரோல்தான். அதை வைத்து எந்த உயிரைக் காப்பாற்றுவது? மொழிபெயர்க்க வந்திருந்த நிரோஷனின் கையைப் பிடித்தேன். டவுன் பையன், தமிழன்தான்.

"தம்பி, அங்க இன்னொரு குழியில என் வீட்டுக்காரர் மாட்டிக்கிட்டாரு. பம்பக் குடுக்கச் சொல்லுங்க. உங்க கால்ல விழுறேன்."

நிரோஷன் முதலாளியைப் பார்த்தான். பிறகு மேடத்திடம் மெதுவாக ஏதோ சொன்னான். அவள் முகம் மலர்ந்து என்னைக் கும்பிட்டாள். நான் அவளை வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுவதாகச் சொல்லியிருப்பான். ஒருத்தி புருஷன் சாகக் கிடக்கிறான் என்று கேட்ட எவளும் அப்படிச் சிரிக்கமாட்டாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். முதலாளி தடுக்க வந்தார். அவள் பரவாயில்லை என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு என்னோடு வந்தாள். ஓடையைத் தாண்டினோம். குழியின் கூரை தெரிந்ததும் எனக்குப் போன உயிர் வந்தது.

வேலியில் கன்னையா குறுக்கே நின்றான். பின்னாலேயே ஓடிவந்த நிரோஷனிடம் சொன்னான்: "பொம்பளைங்க மாணிக்கக் குழிக்கிட்ட வரக்கூடாது, கல்லு போயிரும். எங்க வழக்கம்னு சொல்லுங்க."

அது பொய்யில்லை. அந்த வழக்கத்துக்குப் பயந்துதான் நானும் அவ்வளவு நேரம் வேலிக்கு வெளியே நின்று கதறினேன். ஓடைக்கு அந்தப் பக்கம் மட்டும் அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

இதை நிரோஷன் ஒழுங்காக மொழிபெயர்த்தான் போலிருக்கிறது. மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. தப்புச் செய்துவிட்டவள்போல என் பிடியிலிருந்து கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கோயில் வாசலில் நிற்கிற மாதிரி அங்கேயே நின்றாள்.

கன்னையாவைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினேன். ஏணி, சட்டம் எல்லாம் கலங்கல் தண்ணீருக்குள் போயிருந்தன. வாளியால் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வாழ்நாளில் அன்றுதான் முதல்முறையாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு வெளியே, ஏதோ பூசை நடக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, மேடம் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.