ஈறு நிறப் பலகையில் நிற்கும் ஓட்டுநர்

1

இந்த மூக்கை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. ஒட்டினாலும் தழும்பு நிற்கும். வெட்டாமல் விட்டாலோ, இது யாரோ செய்த என்ஜினாகவே இருக்கும்.

கையில் சின்ன ரம்பத்தோடு அண்ணி இப்படி நினைத்தாள் என்று எழுதிவிட்டேன். நினைத்தாளா, தெரியாது. வெட்டுவதற்கு முன் மூச்சை நிறுத்தினாள். அது மட்டும் தெரியும். கதை அங்கேதான் பிறந்தது. உள்ளே நான் வைத்த வார்த்தைகள் என் கைச்சரக்கு.

2

முதலில் தொடங்கியது இப்படி: "பல் செட் செய்யும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் குழந்தைகள்..."

[நிறுத்திவிட்டேன். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் என்ஜின் எதற்கோ ஈடாகிவிடும். அது எதற்கும் ஈடு இல்லை.]

இரண்டாவது: "அளவுகள் பொருந்தாத இவ்வுலகில் மனிதர்கள்..."

[அடித்துவிட்டேன். மேடை கிடைத்ததும் தொண்டையைச் செருமுகிற வாக்கியம்.]

நேராகச் சொல்கிறேன். அண்ணி ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பல் செட் செய்கிறாள். விடுமுறை நாட்களில் உடைந்த மாதிரி ரயில் என்ஜின்களைப் பிரித்து, அவற்றிலிருந்து வேறொரு என்ஜின் செய்கிறாள். ஒன்றின் அடிச்சட்டம், இன்னொன்றின் உடல், எதிலிருந்தோ கழன்ற ஏணி, பற்பசை மூடியில் ஒரு காற்றுப்போக்கி. இவற்றைப் பொம்மை என்று அண்ணன் மட்டும்தான் சொல்லலாம். அதையும் அடுத்த அறையிலிருந்துதான் சொல்லுவார்.

3

அப்படிச் செய்த ஒரு பச்சை என்ஜினில் அவள் ஒரு தப்பு செய்தாள்.

"அண்ணி, டிரைவர் எங்க? நெத்தி மட்டும் தெரியுது?"

"குனிஞ்சு செருப்பு தேடுறான்."

"நிஜமா சொல்லுங்க."

"கோட்டை விட்டுட்டேன்டி. வண்டியோட உடம்பும் டிரைவரும் சின்ன அளவு மாடல், கேபின் பெரிய அளவு மாடல். ரெண்டும் ஒரே தண்டவாளத்துல ஓடும், அதான் ஏமாந்துட்டேன். பசை காஞ்சப்புறம்தான் உறைச்சுது."

நானாக இருந்தால் தாளைக் கிழித்திருப்பேன். அவள் மறுநாள் வேலையிடத்திலிருந்து ஒரு துண்டு பிளாஸ்டிக் கொண்டுவந்தாள். பல் செட்டில் ஈறுக்கு வைக்கிற இளஞ்சிவப்பு. அதை அரத்தால் தேய்த்து, கேபினுக்குள் பலகையாகப் பதித்து, "ஏறி நில்லுடா ராசா" என்றாள். ஓட்டுநரின் முகம் ஜன்னலுக்கு வந்தது. அதோடு விடவில்லை. கேபினின் உயரத்துக்கு ஏற்பக் கூரையை இழைத்தாள், விளக்கை இறக்கினாள், பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஒன்றை மேல்நோக்கி ஓடவிட்டாள். வாரக்கணக்கில் அந்த ஒரு தப்புக்காக மற்றதெல்லாம் நகர்ந்து இடம் கொடுத்தது. கடைசியில் பார்த்தால், முதல் நாளே அப்படி வரைந்து வைத்தது போல இருந்தது.

[ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் வரும் அண்ணியின் பேச்சில் பாதி என் தோழி ஒருத்தியுடையது. அண்ணிக்கு அளவு கொஞ்சம் பெரிது. பலகை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.]

4

வீட்டில் இருக்கும் தண்டவாளம் அலமாரித் தட்டின் நீளம்தான். கிளம்பியதும் நிறுத்த வேண்டும். மாதிரி ரயில் சங்கத்தின் கூடத்திலோ பெரிய பாதை இருக்கிறது; சுரங்கம், பாலம், நீண்ட வளைவு. பச்சை என்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்த வளைவில் ஒரு முழுச் சுற்று வருவதைப் பார்க்க வேண்டும். அண்ணி வாய்விட்டுக் கேட்ட ஆசை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஆனால் சங்கத்தில் ஒரு விதி. நிஜ உலகில் எங்காவது ஓடிய என்ஜினின் மாதிரிதான் பெரிய பாதையில் ஏறலாம். சங்கம் நடத்தும் கண்காட்சிக்கு முந்தைய வாரம் அதன் செயலாளர் வீட்டுக்கே வந்தார். எல்லாரும் அவரை 'மில்லிமீட்டர்' என்பார்கள். படத்தையும் அளவையும் அண்ணி முன்பே அனுப்பியிருந்தாள்; இப்போது என்ஜினைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"கைவேலை அபாரம்மா. ஆனா இது என்ன வண்டி?"

"பச்சை வண்டி."

"அது தெரியுது. எங்க ஓடுச்சு?"

"இந்த அலமாரியில சார்."

அடுத்த அறையில் அண்ணன் இருமினார். மில்லிமீட்டரும் சிரித்துவிட்டார். [அவரைக் கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை மிச்சம்.] பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். சரியான அளவில் ஒரு கேபின், அவரே உட்கார்ந்து இழைத்தது. கூடவே ஒட்டுவதற்கு எண்கள்.

"கேபினை மாத்தி, இந்த நம்பரை ஒட்டிடுங்க. கிட்டத்தட்ட இதே மாதிரி ஒண்ணு நிஜமாவே ஓடியிருக்கு. கண்காட்சியில முதல் வண்டி உங்களுதுதான்."

அண்ணி அந்தக் கேபினை வெளிச்சத்தில் பிடித்தாள். "என்ன நறுவிசா இழைச்சிருக்கீங்க!" என்றாள். மனதாரச் சொன்னாள். என்ஜினோடு சேர்த்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அதைப் பார்த்தபடியே வெகுநேரம் இருந்தாள். பிறகு எல்லாவற்றையும் டப்பாவில் வைத்து மூடினாள்.

"இது வேற வண்டியோட நம்பர் சார். அதுக்கே இருக்கட்டும். காபி குடிக்கிறீங்களா?"

5

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அண்ணி எண்ணை ஒட்டுகிறாள். கூட்டம் கைதட்டுகிறது. ஜன்னலில் அவளுக்குத் தெரியாத ஓர் ஓட்டுநர்...

இரண்டு: மில்லிமீட்டர் மனம் மாறுகிறார். பச்சை என்ஜின் பாலத்தில் ஏறி, வளைவில் சாய்ந்து...

இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன். உப்புத்தாளைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ரெண்டாவது நல்லா இருக்கு. ஆனா அவர் மாறமாட்டாரே."

"கதைதானே அண்ணி. இங்கயாவது ஓடட்டும். ஒரே ஒரு சுத்து. ஓட்டிடவா?"

தேய்ப்பதை நிறுத்தினாள். அவளுக்குள் என்ன ஓடியது என்று இந்த முறை நான் எழுதப்போவதில்லை.

"வேணாம்டி" என்றாள் மெதுவாக. "நீ எழுதிட்டா ஓடிடுச்சுன்னு ஆயிடும். எனக்கு அது இனிமேதான் நிஜமா ஓடணும்."