கைக்கு ஒன்று, அடிவயிற்றுக்கு ஒன்று

எட்டு மாதத்தில் இது ஐந்தாவது முறை. நைரிக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டால் ஆட்டுக் கொட்டகையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நடையே காட்டிக் கொடுத்துவிடும்.

"என்னக்கா, மறுபடியும் டான்ஸா?" என்றான் ஹெமி, ஆட்டின் வயிற்றில் மெஷினை ஓட்டிக்கொண்டே.

"உன் ஆட்டைப் பாருடா. காம்பை அறுத்துத் தொலைச்சிடாதே."

செம்மறி ரோமம் வெட்டும் கோஷ்டி அது. தலைவர் டாமட்டி, நைரியின் தாய்மாமன். நியூசிலாந்திலிருந்து வந்து ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணைகளில் கொட்டகை கொட்டகையாகச் சுற்றும் மாவோரிப் பழங்குடிக் கூட்டம். மணி அடித்தால் இரண்டு மணி நேரம் இடைவிடாத வேலை, அதற்கு 'ஓட்டம்' என்று பெயர்; அடுத்த மணி வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. வெட்டி விழுகிற ரோமத்தை அள்ளி, மேசையில் வீசி விரித்து, அழுக்கு ஓரத்தைப் பிய்த்தெறிவது நைரியின் வேலை. கக்கூஸோ எங்கேயோ மூலையில். அதனால் அவள் தண்ணீரே குடிக்க மாட்டாள். பாவி மகள், அதையும் ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு பண்ணை, பண்ணைக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு டாக்டர். ஒவ்வொருவரும் அவளை முதல் முறையாகப் பார்த்தார்கள். தண்ணீர் குடி, அடக்கி வைக்காதே என்று சொல்லிச் சில நாளுக்கு மாத்திரை எழுதினார்கள். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்கத்தான் செய்தார்கள். இல்லை என்றாள். அவள் மனசுக்கு அது பொய்யாகவே படவில்லை. ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மாத்திரை கைக்கு, இது அடிவயிற்றுக்கு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கையில் மூட்டுவாதம். இரண்டு வருஷத்துக்கு முன்பு விரல்கள் மடங்க மறுத்தபோது சிட்னி டாக்டர் ஒருவர் கொடுத்த மாத்திரைகள் அவற்றை மீட்டுத் தந்தன. அந்த மாத்திரைகளை வைட்டமின் புட்டியில் கொட்டி வைத்திருந்தாள். கை போனவளை ரோம மேசையில் யார் நிற்க விடுவார்கள்? மாமாவுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மூன்றாவது ஓட்டத்தில் குளிர் தூக்கிப் போட்டது. நாற்பது டிகிரி வெயிலில் பல் கிட்டியது. விலாவுக்குக் கீழே குத்திய குத்தில், வீச எடுத்த ரோமத்தின் மேலேயே விழுந்தாள். டாமட்டி அவளை வண்டியில் போட்டுக்கொண்டு நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

"கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிடுச்சு" என்றாள் அங்கிருந்த பெண் டாக்டர். "இத்தனை தடவை வர்றதும் இவ்வளவு வேகமா ஏறுறதும் சரியாப் படலை. உடம்போட எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து எதாவது சாப்பிடறீங்களா? மூட்டுக்கு, தோலுக்கு, எதுக்காவது?"

கட்டில் அருகே டாமட்டி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நைரி அவரைப் பார்த்தாள். 'இல்லை' தொண்டை வரை வந்துவிட்டது.

"மறைச்சீங்கன்னா, நான் குடுக்கிற மருந்தே அதோட சேர்ந்து விஷமாகலாம்" என்றாள் டாக்டர்.

"மூட்டுவாதத்துக்குச் சாப்பிடறேன்" என்றாள் நைரி. "ரெண்டு வருஷமா."

"அதான் சங்கதி. எதிர்ப்புச் சக்திங்கிறது உடம்போட காவல் நாய் மாதிரி; அது தப்பா உங்க மூட்டையே கடிக்குது. அந்தக் காவலை அடக்கத்தான் அந்த மாத்திரை. காவல் அடங்கின வீட்டுல கிருமிக்கு என்ன பயம்? தண்ணியும் குடிக்கிறதில்லை, கேக்கணுமா! கிருமி போற வரைக்கும் மூட்டு மாத்திரையை நிறுத்தியாகணும்."

"நிறுத்தினா விரல் மடங்காதே."

"கொஞ்ச நாளைக்குக் கஷ்டம்தான். அப்புறம் அளவை மாத்திப் பாக்கலாம்."

டாமட்டிக்குக் கோபம் வந்தது. "செத்துப் போயிருப்பியேடி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?"

"சொல்லியிருந்தா மேசையில வச்சிருப்பீங்களா மாமா?"

டாமட்டி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "வண்டியை வெயில்ல விட்டுட்டேன்" என்று முனகிவிட்டு வெளியே போனார்.

நைரிக்கு அழுகை வந்தது, அழுதாள். டாக்டர் ஒரு டிஷ்யூவை நீட்டிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"எத்தனை மாத்திரை?"

"வாரத்துல ஒரு நாள் ரெண்டு. அது போக தினம் காலையில சின்னதா ஒண்ணு. எல்லாத்தையும் எழுதிக்குங்க. இனிமே யார்கிட்ட மறைக்கிறது?"